போட்டு வாறம் என்று சொல்லிவந்த நாடு

வாசலில் கழற்றிவைத்த சப்பாத்தில் இன்றும் அந்த வெள்ளைக் கோடு. பங்குனி பிறந்தும் டொரொன்டோவில் எங்கள் வெக்ஸ்போர்ட் நடைபாதையெல்லாம் பனியில் வழுக்காமலிருக்கக் கொட்டிய உப்பு. பனி நேற்றே கரைந்து ஓடிவிட்டது. உப்பு மட்டும் காலுக்குக் கீழே நறநறவென்று கிடக்கிறது. ஈரத்துணியால் துடைத்துக்கொண்டு நின்றபோது உம்முடைய குரல் பக்கத்தில் கேட்டதுபோல இருந்தது. "இஞ்ச கொட்டுற உப்பெல்லாம் எங்க போகுதெண்டு நினைக்கிறீர்? ஆரின்ரையோ கிணத்துக்குள்ளதான்." ஒவ்வொரு குளிருக்கும் முதல் பனியிலிருந்து கடைசிப் பனிவரை இதைச் சொல்வீர். நானும் ஒவ்வொரு முறையும், "வழுக்கி விழுந்து கால் முறிஞ்சால்தான் உமக்கு உப்பின்ர அருமை விளங்கும்" என்று திருப்பிச் சொல்வேன். கடைசிவரை இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை.

துணியைப் பிழிவதற்குள் தொலைபேசி சத்தம் போட்டது. மேற்கு ஆபிரிக்காவிலிருந்து மரியாமாவின் செய்தி. அதில் இரண்டு விஷயம் இருந்தது. முதலாவதை இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உமக்கு மிச்சம் ஒன்றும் காதில் ஏறாது. அவர்களுடைய திட்டத்தை அமைச்சரவை ஏற்றுக்கொண்டுவிட்டது. முழுவதையும், அந்தக் கடைசி அத்தியாயத்தோடு. வாசித்துவிட்டு வாசலிலேயே, சப்பாத்துகளுக்கு நடுவே, நிலத்தில் இருந்துவிட்டேன். உடம்பிலிருந்து ஒரு மூட்டையை யாரோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது. இரண்டாவது விஷயத்தைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் எல்லாவற்றையும் ஒருமுறை உம்மோடு கதைத்துப் பார்க்கவேண்டும்.

நாம் முதலில் சந்தித்த கதையை யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள். டவுன்டவுனில் ஒரு கண்ணாடிக் கட்டடம், நிபுணர்களுக்கான அறிமுகக் கூட்டம். உலகத்தின் மிக வறிய நாடுகள், மாறிப்போன மழைக்கும் ஏறிவரும் கடலுக்கும் எப்படி ஈடுகொடுப்பது என்று தங்களுக்கென ஒரு திட்டம் எழுதவேண்டியிருக்கிறது. அதை எழுத அவர்களிடம் போதிய ஆட்கள் இல்லை. வெவ்வேறு நாடுகளிலிருந்து எங்களைப் போன்றவர்களை அழைத்து, சொந்த வேலையில் விடுப்புப் போடவைத்து, அங்கே அனுப்பும் ஏற்பாடு அது. என் தொழில் நிலப்பயன்பாட்டுத் திட்டமிடல். நீர் நிலத்தடித் தண்ணீர்க்காரி. காலை முழுவதும் இருவரும் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருந்து இலக்கண சுத்தமான ஆங்கிலத்தில் கதைத்துக்கொண்டிருந்தோம். நான் உம்மை மலையாளி என்று நினைத்தேன். நீர் என்னைக் கயானாக்காரி என்று முடிவே கட்டிவிட்டீர். தேநீர் இடைவேளையில் உமக்கு ஒரு அழைப்பு வந்தது.

"ஓம், ஓம். சோறு பிறிட்ஜுக்குள்ள கிடக்கு. நல்லாச் சூடாக்கிச் சாப்பிடுங்கோ. இல்லையப்பா, அது ரசம், குழம்பு மற்றச் சட்டிக்குள்ள."

"நீங்கள் யாழ்ப்பாணமோ?" என்று கேட்டேன். தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்காமலே என்னை மேலும் கீழும் பார்த்து, "இவ்வளவு நேரமும் என்ன கண்டறியாத இங்கிலீஷ் கதைச்சனீர்?" என்றீர். ஒரே வசனத்தில் நீங்கள் போய் நீர் வந்துவிட்டது. அதற்குப் பிறகு அது மாறவே இல்லை. தண்ணீர் நிபுணரை நீர் என்று கூப்பிடுவதில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷமும் இருந்தது.

வேலை செய்யும் விதத்தில் நாங்கள் எலியும் பூனையும். எனக்கு வாய் சும்மா கிடக்காது. வரைபடம் காட்டுவேன், உதாரணம் சொல்வேன், யாரும் கேட்காத கேள்விக்கும் பதில் சொல்லுவேன். நீர் நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஒரேயொரு கேள்வி கேட்பீர். "நாங்கள் போனாப்பிறகு இதை ஆர் செய்யிறது?" ஆங்கிலத்தில்தான் கேட்பீர், ஆனால் எனக்கு எப்போதும் அது தமிழிலேயே கேட்கும். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வீர். கூட்டம் உறைந்துபோகும். ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள், தண்ணீர் குடிப்பார்கள். நான் ஏதாவது சொல்லி அந்த அமைதியை உடைக்க வாய் திறப்பேன். மேசைக்குக் கீழே உம்முடைய கால் என் காலை மிதிக்கும். மெதுவாக அல்ல, நன்றாகவே மிதிப்பீர். அந்த ஊர்க்காரர் ஒருவர் வாய் திறக்கும்வரை காலை எடுக்கவும் மாட்டீர்.

"அவையின்ர நாடு. அவைதான் முதல்ல கதைக்கவேணும்" என்று வெளியே வந்து சொல்வீர். அறிக்கைகளில் வரும் 'ஆற்றலை வளர்த்தல்' என்ற சொற்றொடரைக் கண்டால் உமக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆரின்ர ஆற்றலை ஆர் வளர்க்கிறது என்று பேனையால் ஓரத்தில் கிறுக்கி வைப்பீர். அதை அப்படியே மேலிடத்துக்கு அனுப்பி ஒருமுறை வாங்கிக் கட்டியதும் உண்டு.

மரியாமாவின் நாட்டுக்கு நாங்கள் போனது நினைவிருக்கிறதுதானே. மேற்கு ஆபிரிக்கக் கரை. உம்முடைய பெட்டி வேறெங்கோ போய்விட்டது, முழு வாரமும் என்னுடைய சட்டைகளைப் போட்டுக்கொண்டு, என்னுடைய நிறங்களைக் குறை சொல்லிக்கொண்டு திரிந்தீர். மதியம் குறுணல் அரிசிச் சோறும் மீனும் தருவார்கள். கைப்பைக்குள் இருந்த மிளகாய்த்தூளை எடுத்துத் தூவிக்கொண்டு, "இனி இது எங்கட சாப்பாடு" என்பீர். மரியாமாவும் கொஞ்சம் வாங்கித் தூவிப் பார்த்துவிட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தா. அங்கே சுற்றாடல் அமைச்சில் காலநிலைப் பிரிவுக்கு அவதான் பொறுப்பு. உயரமான, அமைதியான மனுசி. எந்தக் கூட்டத்திலும் கடைசியாகத்தான் பேசுவா.

பிரச்சினை ஒரு மண் அணையில் இருந்தது. கடலோரக் கண்டல் காட்டுக்கும் நெல்வயலுக்கும் நடுவே நீளமாகப் போகும் அணை, அதில் தண்ணீரை விடவும் மறிக்கவும் கதவுகள். கடல் ஏறிவர, அணை உடைந்த இடங்களால் உப்புத் தண்ணீர் வயலுக்குள் வந்துவிடுகிறது. கிணறுகளும் உப்பேறிச் சவராகிவிட்டன. ஒரு பெண் கிணற்றிலிருந்து அள்ளித் தந்த தண்ணீரை நீர் நாக்கில் தொட்டுப் பார்த்துவிட்டு மெல்லத் தலையாட்டினீர். யாழ்ப்பாணத் தீவுப்பகுதியில் பிறந்த உமக்கு அந்தச் சுவையை யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

அணையை எப்படிக் கட்டுவது என்பது அவர்களுக்குத் தெரியும். யார் பார்ப்பது என்பதில்தான் வண்டி நின்றது. அணை, வயலைப் பார்க்கும் கமத்தொழில் அமைச்சின் வேலை என்றார்கள் தண்ணீர் அமைச்சுக்காரர். கதவு தண்ணீர் அமைச்சின் வேலை என்றார்கள் கமத்தொழில்காரர். கதவைப் பூட்டினால் மீன் உள்ளே வராது என்றார்கள் கடற்றொழில் அமைச்சினர். மூன்று அமைச்சும் மண்டபத்தின் மூன்று மூலையில், மூன்று வீட்டுக் கலியாணத்துக்கு வந்தவர்களைப்போல இருந்தார்கள். பொறுப்பை யார் ஏற்பது என்று சொல்லவேண்டிய கடைசி அத்தியாயத்துக்குத் தலைப்பு மட்டும் இருந்தது. அது நிரம்பாமல் திட்டம் அமைச்சரவைக்குப் போகமுடியாது. அங்கே போகாவிட்டால் வெளியிலிருந்து எந்த உதவிக்கும் கை நீட்டமுடியாது, அணை உடைந்தபடியே கிடக்கும்.

கடைசி நாள் நீர் உம்முடைய கேள்வியைக் கேட்டீர். மண்டபம் அப்படியே அடங்கியது. எங்கள் ஆங்கிலத்தைப் பிரெஞ்சுக்கு மாற்றிக்கொண்டிருந்த வயதான மொழிபெயர்ப்பாளர் காதிலிருந்த கருவியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் மாட்டிக்கொண்டார். என் கால்விரல்கள் உம்முடைய சப்பாத்துக்குக் கீழே செத்துக்கொண்டிருந்தன. முதன்முறையாக உம்முடைய கேள்விக்குப் பதில் வராமலே ஒரு கூட்டம் முடிந்தது.

பிறகு நன்றி சொல்லும் நிகழ்ச்சி. நீர் எழும்பினீர். எல்லோருக்கும் நன்றி சொன்னீர், மிளகாய்த்தூளை மன்னிக்கச் சொன்னீர். பைலை மூடிக்கொண்டே, ஒரு வீட்டு வாசலில் நின்று சொல்வதுபோல, போய்விட்டு வருகிறோம் என்ற எங்கள் வழக்கை அப்படியே ஆங்கிலமாக்கிச் சொல்லிமுடித்தீர்: சரி, அப்ப நாங்கள் போட்டு வாறம்.

மொழிபெயர்ப்பாளர் மிகவும் கவனமான மனிதர். ஒரு சொல்லையும் விடமாட்டார். நாங்கள் போகிறோம், திரும்பவும் வருவோம் என்று அழுத்தம் திருத்தமாகப் பிரெஞ்சில் சொன்னார். மண்டபம் கைதட்டியது. மரியாமா எழும்பி நெஞ்சில் கை வைத்தா.

வாகனத்தில் ஏறியதும் நான் கேட்டேன். "என்னப்பா சொல்லிப்போட்டு வாறீர்?"

"என்ன சொன்னனான்? போட்டு வாறம் எண்டன்."

"அவைக்கு அது போட்டு வாறம் இல்லை. திரும்பி வருவம் எண்டு வாக்குக் குடுத்திருக்கிறீர்!"

நீர் வாயில் கை வைத்தீர். பிறகு இருவரும் சிரிக்கத் தொடங்கினோம், சாரதி கண்ணாடியில் பார்க்குமளவுக்கு. எங்கள் ஆட்கள் யார் வீட்டிலிருந்து இறங்கும்போது போகிறேன் என்றிருக்கிறார்கள்? மூலைக்கடைக்குப் பால் வாங்கப் போனாலும் போட்டு வாறன். கனடாவுக்கே வந்து குடியேற வெளிக்கிட்டபோதும் போட்டு வாறன்தான். அதைக் கேட்டு எப்போது வருவீர்கள் என்று ஒருவரும் நாள் குறித்ததில்லை.

அங்கே குறித்தார்கள். மழைக்காலம் முடிந்தபிறகு மரியாமாவிடமிருந்து செய்தி வந்தது. உங்கள் வருகைக்காகக் கடைசி அத்தியாயத்தைத் திறந்தே வைத்திருக்கிறோம். அதை வாசித்தபோது இருவருக்கும் சிரிப்பு வரவில்லை. எங்களை அனுப்பும் அலுவலகத்தைக் கேட்டோம். ஒரு நாட்டுக்கு ஒரு பயணம்தான், வரிசையில் இன்னும் எத்தனையோ நாடுகள் காத்திருக்கின்றன என்றார்கள். நியாயமான பதில், கோபிக்கவும் முடியவில்லை. அப்படியானால் மரியாமாவுக்கு உள்ளதைச் சொல்லிவிடுவோம் என்றேன். நீர் எழுதத் தொடங்கி அழித்து, மறுபடியும் எழுதி அழித்தீர்.

"எப்பிடி எழுதுறது? எங்கட சனம் பொய் சொல்லித்தான் விடைபெறுறது எண்டோ?"

சிரிக்கத்தான் சொன்னீர். ஆனால் உம்முடைய முகம் சரியில்லை. வாய்தவறி வந்த ஒரு சொல்லால் ஒரு நாட்டின் திட்டம் நின்றுபோய்விட்டதே என்ற பயம் உம்மை அரித்துக்கொண்டிருந்தது. எனக்கும் அதுதான். வேலையில் கூட்டங்களுக்கு நடுவே திடீரென்று அந்த உடைந்த அணை வந்து கண்ணில் நிற்கும்.

பிறகு நீர் வருத்தத்தில் படுக்கையில் விழுந்தீர். அதைப்பற்றி எழுதப்போவதில்லை, நீரும் அதைப்பற்றிக் கதைக்க விட்டதில்லை. ஸ்கார்பரோவில் அந்த ஆஸ்பத்திரி அறை மட்டும் நினைவிருக்கிறது. பார்க்க வந்தவர்கள் சூப்பும் இடியப்பமும் கொண்டுவந்து வைத்துவிட்டு, போட்டு வாறன் என்று ஒவ்வொருவராகப் போவார்கள். கதவு சாத்தியதும் நீர் எனக்குக் கண்ணைக் காட்டுவீர். "பாரும், எல்லாரும் வாக்குக் குடுத்திட்டுப் போகினம்."

ஒருநாள் மற்றவர்கள் எல்லாம் போனபிறகு சொன்னீர். "அங்க ஒருக்கால் போட்டு வாரும்."

எங்கே என்று நான் கேட்கவில்லை. "சுகமாகி எழும்பும், ரெண்டு பேருமாப் போவம்" என்றேன். கூட்டங்களில் கேள்வி கேட்டுவிட்டு இருப்பீரே, அதே இருப்பு. என்னால் தாங்கமுடியவில்லை. 401 நெடுஞ்சாலையில் வாகன நெரிசலைப் பற்றி ஏதோ சொன்னேன். மிதிக்க உம்முடைய கால் போர்வைக்குள் இருந்தது.

உம்முடைய செத்தவீட்டில் நடந்ததை நீர் அறியமாட்டீர். மண்டபம் நிறைந்த சனம், தண்ணீர்க்காரர்கள் பாதி, சொந்தக்காரர் பாதி. எங்கள் வழக்கம் உமக்குத் தெரியும். செத்தவீட்டில் போட்டு வாறன் என்று சொல்லக்கூடாது. சொன்னால் இன்னொரு சாவுக்கு வருவதாக ஆகிவிடும் என்று, ஒன்றும் சொல்லாமல் எழும்பிப் போய்விடுவார்கள். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். நான் உமக்குக் கிட்டப்போய் நின்றேன். சேலை நல்ல நிறம், நீரே தெரிவுசெய்ததாயிருக்கவேண்டும். கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, எத்தனையோ வருஷப் பழக்கத்தில், எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டேன். "சரி அப்ப, போட்டு வாறன்."

பின்னால் நின்ற அன்ரி ஒருவர் பதறிப்போனார். "பிள்ளை, இஞ்ச உப்பிடிச் சொல்லக்கூடாது!"

உம்முடைய கணவர்தான் எழும்பி வந்தார். அழுது சிவந்த கண்ணோடு, "விடுங்கோ அன்ரி. இவ எங்க போட்டு வரப்போறா எண்டு அவவுக்குத் தெரியும்" என்றார். நான் அண்ணை என்று கூப்பிடும் அவருக்கு எல்லாம் சொல்லியிருக்கிறீர்.

வெளியே குளிரில் பஸ்ஸுக்கு நின்றபோதுதான் விளங்கியது. நீர் சொல்லக்கூடாத இடத்தில் சொல்லிவிட்டு வந்தீர். நானும் சொல்லக்கூடாத இடத்தில் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். இருவர் வாயிலும் ஒரே சொல். இனி அதைச் சும்மா சொன்னது என்று யாரிடம் போய்ச் சொல்வது? வீட்டுக்கு வந்ததும் விடுப்புக்கு எழுதினேன். யாரும் அனுப்பாமல், என் பாட்டில் போகும் விருந்தாளியாகத்தான் போவது என்று தீர்மானித்தேன். மரியாமாவுக்கு வருகிறேன் என்று மட்டும் அறிவித்தேன். என் பிள்ளைகளுக்கு நான் விசர் பிடித்துத் திரிவதாகத்தான் பட்டது. "அம்மா, you could just Zoom" என்றாள் மகள். வாக்குக் கொடுத்தது வருவதாகத்தான் என்றேன். அவளுக்கு விளங்கவில்லை.

விமானம் முழுவதும் பயம். மூன்று மூலை, வெறும் தலைப்பு, காத்திருந்து சலித்த முகங்கள் என்று நினைத்துக்கொண்டே போனேன். மன்னிப்புக் கேட்கப் பிரெஞ்சில் ஒரு வசனம் பாடமாக்கினேன். அந்தப் பழைய மண்டபத்து வாசலில் மரியாமா நின்றா. கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனா.

உள்ளே மூலைகள் இல்லை. நடுவில் ஒரு நீண்ட மேசை, அதைச் சுற்றி மூன்று அமைச்சுக்காரரும், வயல்காரப் பெண்களும், மீன்பிடிக்காரரும் கலந்து இருந்தார்கள். தண்ணீர் அமைச்சுக்காரர் கமத்தொழில்காரருக்குக் கோப்பி ஊற்றிக்கொண்டிருந்தார். நான் வழிமாறி வேறு கூட்டத்துக்கு வந்துவிட்டேனோ என்று ஒரு கணம் யோசித்தேன்.

நடந்தது இதுதான். நாங்கள் வருவோம் என்று சொன்னதை மரியாமா ஒரு கயிறுபோலப் பிடித்துக்கொண்டிருக்கிறா. அந்த இரண்டு பெண்களும் திரும்பி வருகிறார்கள், அதே கேள்வியைக் கேட்கப்போகிறார்கள், மறுபடியும் வாயை மூடிக்கொண்டு இருக்கப்போகிறோமா என்று ஒவ்வொரு அமைச்சுக்கும் போய்ச் சொல்லியிருக்கிறா. வெட்கம் பெரிய சாமான்தானே. விருந்தாளி வருகிறார் என்றால் வீட்டைக் கூட்டிப் பெருக்கமாட்டோமா, அதுதான் அங்கே நடந்திருக்கிறது. முதலில் சண்டை. பிறகு எல்லோருமாக அணைக்குப் போய், சேற்றில் நின்றபடி மறுபடியும் சண்டை. கடைசியில் ஒரு முடிவு. அணை கமத்தொழிலுக்கு, கதவு தண்ணீர் அமைச்சுக்கு. திறக்கிற நேரத்தை மாத்திரம் எந்த அமைச்சும் தீர்மானிக்காது. வயல்காரப் பெண்களும் மீன்பிடிக்காரரும் கூடியிருந்து தீர்மானிப்பார்கள். எல்லாம் எழுதி, நான் வந்து பார்ப்பதற்காக மேசையில் வைத்திருந்தார்கள்.

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கடமைக்கு உம்முடைய கேள்வியைக் கேட்டேன். நாங்கள் போனபிறகு இதை யார் செய்வது? அமைதியே இல்லை. மேசையின் நாலு பக்கத்திலிருந்தும் ஒரே நேரத்தில் பதில் வந்தது. அந்த வயதான மொழிபெயர்ப்பாளர் கொஞ்சநேரம் போராடிப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். நான் சிரித்தேன், அழுதேன், எது முதலில் வந்ததென்று தெரியாது. இப்படி ஒரு சத்தத்தைக் கேட்க நீர் இருந்திருக்கவேண்டும். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பின்னேரம் எல்லோரிடமும் உள்ளதைச் சொன்னேன். எங்கள் ஊரில் விடைபெறுகிறவர்கள் இப்படித்தான் சொல்வோம், அது வாக்கு இல்லை, மரியாதைக்குச் சொல்வது என்றேன். மொழிபெயர்ப்பாளர் தலையில் கை வைத்தார், பாவம். மரியாமா மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தா.

"நல்லகாலம், எனக்கு உங்கள் பாஷை தெரியாமல் போனது" என்றா.

பிறகு உம்மைக் கேட்டா. சொன்னேன். சிரிப்பு நின்றது. மேசை முழுவதும் எழும்பி நின்றது. யாரோ ஒரு பெரியவர் தம்முடைய மொழியில் பிரார்த்தித்தார், மற்றவர்கள் ஆமென் சொன்னார்கள். நான் அந்த அமைதிக்குள் நின்றேன். முதன்முறையாக எனக்கு அதை உடைக்கவேண்டும் என்று தோன்றவில்லை.

கடல் பின்வாங்கிவிட்டது என்று நினைக்காதையும். உப்பு வந்துகொண்டுதான் இருக்கும், திட்டத்தில் எழுதிய எல்லாம் நடக்கப்போவதுமில்லை. நீர் உயிரோடு இருந்தால் இந்த இடத்தில் என்னை மிதித்திருப்பீர். ஆனால் அந்த அணைக்கு ஆட்கள் இருக்கிறார்கள். எங்களால் அது தடைப்படவில்லை. அந்தப் பயம் என்னிடம் இல்லை, உம்மிடமும் இருக்கத் தேவையில்லை.

உம்மிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த வாயடக்கம்தான். இப்போது வேறு நாட்டுக்காரரோடு வேலை செய்கிறேன். கேள்வியைக் கேட்டுவிட்டு, என்னுடைய வலது காலால் என்னுடைய இடது காலை மிதித்துக்கொண்டு காத்திருக்கிறேன். பார்க்கிறவர்களுக்கு ஏதோ வலிப்பு வந்ததுபோலத் தெரியும். பரவாயில்லை. இதுவரை ஒருவராவது வாய் திறக்காமல் விட்டதில்லை.

இனி இரண்டாவது விஷயம். உம்முடைய இடம் நிபுணர் குழுவில் இவ்வளவு காலமும் வெறுமையாகத்தான் கிடந்தது. நிரப்பவேண்டும் என்று அலுவலகத்தார் என்னைக் கேட்டபோதெல்லாம் நான் ஏதாவது சாட்டுச் சொல்லித் தள்ளிப்போட்டேன். இப்போது அந்த இடத்துக்கு மரியாமாவைத் தெரிவுசெய்திருக்கிறார்கள். மூன்று அமைச்சை ஒரு மேசையில் இருத்திய மனுசி, அவவுக்கு என்ன குறை? பக்கத்து நாடொன்று ஏற்கெனவே அவவைக் கூப்பிட்டிருக்கிறதாம். முதல் கூட்டம் ஆனியில், இங்கே டொரொன்டோவில்.

செய்தியை வாசித்ததும் ரிச்மண்ட் ஹில்லில் உம்முடைய வீட்டுக்கு, அண்ணைக்குத் தொலைபேசி எடுத்தேன். கொஞ்சநேரம் மறுமுனையில் சத்தமில்லை. நான் பேசாமல் இருந்தேன்.

"ஹோட்டல்ல ஏன் விடுவான்? இஞ்ச வந்து நிக்கட்டும்" என்றார் பிறகு. "அறை ஒண்டு சும்மாதானே கிடக்கு. அவை என்ன சோறு சாப்பிடுறவை?"

"குறுணல் அரிசி, அண்ணை. மீனோட."

"மீன் நான் காய்ச்சுறன். தூள் குறைச்சுத்தான் போடவேணும், என்ன?"

நீர் போனபிறகு அந்த வீட்டில் அடுப்பு மூட்டுவதைப்பற்றி அவர் கதைத்ததை இன்றுதான் கேட்டேன். விமான நிலையத்துக்குத் தானும் வருவதாகச் சொன்னார். கட்டாயம் வாருங்கோ என்றேன். இவ்வளவு நாளும் வருவோம் என்று சொல்லிப் போனவர்கள் நாங்கள், வழி பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். இப்போது வருவது அவ. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.